எருக்கம்பால் வைத்த கால்

எதிர்வீட்டுச் சௌந்தரபாண்டியன் தன் நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போனதற்கு முழுக் காரணம் என் வாய்தான்.

நாய் என்றால் சும்மா தெருவில் திரிகிற நாய் இல்லை. கன்னி ஜாதி வேட்டை நாய். உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தடவியது போல மின்னுகிற கறுப்பு. இரண்டு கண்ணுக்கும் மேலே செம்மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக இரண்டு பொட்டு, பெயரும் பொட்டுதான். அது ஓடினால் அதன் நிழல் பின்தங்கிவிடும். பொட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் நிழல் மூச்சிரைக்க வாசலுக்கு வந்து சேரும். நான் கண்ணால் பார்த்தவன்.

வெளியூர் போகும்போது சௌந்தரபாண்டியன் அதை வழக்கமாகச் சுடலைமணியிடம்தான் விடுவான். எங்கள் தெரு முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் சுடலைமணிக்கு ஓர் ஆட்டுக்கொட்டில் உண்டு. சுற்றிலும் ஆளுயரத் திருகுகள்ளி வேலி. இந்த முறை சௌந்தரபாண்டியன் மகள் காவியாவுக்கு மதுரையில் வளைகாப்பு. குடும்பமே காரில் ஏறிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே போய் விழுந்தேன்.

"அவன்ட்ட எதுக்கு விடுத, சௌந்தரம்? நான் எதுக்கு இருக்கேன்? எட்டயபுரம் பஸ்ல நான் கண்டக்டரா இருந்தப்போ ஒரு நாய் தெனமும் ஏறும். நான் விசில் குடுத்தாத்தான் எறங்கும். நாய் பாஷை நமக்குத் தண்ணி பட்ட பாடு."

"அது டிக்கெட் எடுத்துச்சா, அண்ணாச்சி?"

"பாஸ் வச்சிருந்தது."

சௌந்தரபாண்டியன் சிரித்துக்கொண்டே சங்கிலியை என் கையில் கொடுத்தான். என் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சங்கரம்மாள், கார் தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்தாள்.

"இவிய இதுவரைக்கும் வளத்த உசுரு ஒரு மணிபிளாண்டு. அதுவும் தண்ணியில்லாம செத்துப்போச்சு" என்று பொட்டுவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் நான் நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலையோடு நடந்தபோதுகூட இப்படி நெஞ்சு நிமிரவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் ஆள். கயத்தாறு வரைக்கும் சேதி போய், அங்கே லாரிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி. வேண்டுமென்றே சுடலைமணியின் கொட்டில் வழியாகப் போனேன். அவன் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தான். பொட்டு அவனைப் பார்த்து வாலை ஆட்டிய ஆட்டில் எனக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது.

"சங்கிலிய மட்டும் அவுத்து விட்ராதீங்க, அண்ணாச்சி" என்றான் சுடலைமணி. "உளுந்து அறுத்த காடு. வேலிக்கருவைய வெட்டிப் போட்டுருக்காவ. அங்கன பூராவும் முள்ளு."

"எனக்குத் தெரியாதாலே?"

தெரியும். அவன் சொன்னான் என்பதற்காகவே அவிழ்த்தேன்.

பொட்டு போனது நாலு காலில். வந்தது மூன்று காலில். வலது முன்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தப்பு தன்னுடையது போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றது. விரல் இடுக்கில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது. நகத்தால் நோண்டிப் பார்த்தேன், வரவில்லை. சுடலைமணியிடம் திரும்பிப் போய், எடுத்துக் கொடு என்று கேட்டிருந்தால் அவன் ஒரு நொடியில் எடுத்திருப்பான். கேட்பேனா நான்?

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் எருக்கம் இலையைக் கிள்ளி, வடிகிற பாலை அந்த இடத்தில் விடுவோம். விடிவதற்குள் முள் தானாக மேலே வந்து எட்டிப் பார்க்கும். கரிசலில் நடந்து வளர்ந்தவன் எவன் உள்ளங்காலையும் எருக்கம்பாலுக்குத் தெரியும். ஒருதடவை என் காலில் வைத்தபோது, நான் தேடிய முள்ளோடு எங்கள் அப்பா காலத்து முள் ஒன்றும் சேர்ந்து வெளியே வந்தது. அப்படிப்பட்ட மருந்து.

பாதை ஓரம் எருக்கு பூத்துக் கிடந்தது. ஒரு சொட்டுப் போதும் என்பார்கள். சௌந்தரபாண்டியன் வீட்டு நாய் அல்லவா, குறை வைக்கக் கூடாது என்று இலை இலையாகக் கிள்ளினேன். விரல் இடுக்கு முழுவதும் பால் வெள்ளையாக நிரம்பிய பிறகுதான் விட்டேன். என் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டேன். அந்த அறிவு மட்டும் இருந்தது.

காலையில் கதவைத் திறந்தால் பொட்டு வாசலுக்கு வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரைவரை வடிந்தது. நாக்கின் ஓரம் கொப்புளம். மூக்கைச் சுற்றித் தோல் தடித்துச் சிவந்து, உதடு இன்னொரு நாயிடம் இரவல் வாங்கியது போல வீங்கியிருந்தது. வலது கண் முழுக்க மூடிவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நிற்க, அது முன்காலை எடுத்து நக்கியது. நக்கிய அதே காலால் கண்ணைத் தேய்த்தது. மறுபடி நக்கியது.

மனுசன் தன் உள்ளங்காலை நக்கமாட்டான். நாய் நக்கும். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் போய்ப் படிக்க வேண்டிய பாடமில்லை. இத்தனை வயதில் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு குவளைத் தண்ணீரை அதன் காலில் ஊற்றினேன். தொடவிடாமல் இழுத்துக்கொண்டது. அந்தப் பால் காய்ந்து பிசினாக மயிரில் ஒட்டிக் கிடந்தது. தண்ணீருக்கெல்லாம் அசைகிற பொருளா அது? ஆனாலும் கழுவியாகிவிட்டது என்று எனக்கு நானே ஒரு ரசீது கொடுத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டுச் சங்கரம்மாள் வந்தாள். நாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னத்த வச்சீங்க?"

"நான் என்னத்த வச்சேன்? எங்கயாவது செடியில உரசியிருக்கும்."

"என்ன செடி?"

அங்கேதான் என் வாய் என்னைக் கேட்காமல் கிளம்பியது. "கள்ளி. சுடலைமணி வேலி."

ஆட்டோவில் போட்டுப் புதுரோட்டில் இருக்கும் நாய் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். சத்யபிரியா என்று பெயர். இளவயது. நாயைத் தொடுவதற்கு முன் நாயிடம் அனுமதி கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பவர்.

"எதுல பட்டுச்சுங்கய்யா? செடிப் பால் மாதிரி இருக்கு."

"கள்ளி வேலி, மேடம். எங்க தெருக்கோடியில ஒரு ஆட்டுக்கொட்டில். அந்த வேலிய நீங்க பாத்ததில்ல. பனை ஒசரம். காத்தடிச்சாப் பால் மழையாக் கொட்டும். போன வருசம் ஒரு காக்கா அதுல உக்காந்து எந்திரிக்க முடியாம அப்படியே ஒட்டிக்கிட்டு. நம்ம நாய் ஓணானை வெரட்டிக்கிட்டு நேரா உள்ள பூந்துட்டு."

ஆளுயர வேலி, நான் சொல்லச் சொல்ல எனக்கே கண்முன்னால் வளர்ந்துகொண்டு போனது. காத்திருந்தவர்கள் எல்லோரும் ஆட்டை, பூனையை மறந்துவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். அந்த நேரத்திலும் அது எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"கால் ஏன் ஊன மாட்டேங்குது?" என்றார் டாக்டரம்மா.

"முள்ளு. எடுத்தாச்சு."

என் ஆயுசில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே கிடையாது. அதிலேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாவம், என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? முகத்தையும் கண்ணையும் பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஊசி போட்டார். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. கண்ணைத்தான் பாக்கணும்" என்றார்.

மதுரைக்குப் போன் போட்டுச் சௌந்தரபாண்டியனிடமும் அதே கதையைச் சொன்னேன். காக்காயை மட்டும் விட்டுவிட்டேன். அவன் என்னை அறிந்தவன். "அந்த வேலிய வெட்டுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன் அவன்ட்ட" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

உச்சி வெயிலில் தெருக்கோடியிலிருந்து அரிவாள் சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். சுடலைமணி தன் கள்ளி வேலியைப் பாதிக்கு மேல் வெட்டிச் சாய்த்திருந்தான். வெட்டிய இடமெல்லாம் பால் சொட்டியது. அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தெறித்து, அங்கங்கே சிவந்து தடித்திருந்தது.

"என்னலே செய்யுத?"

"பாண்டியண்ணாச்சி போன்ல பேசுனாவ. ரொம்ப ஏசிட்டாவ." அவன் நிமிரவில்லை. "அது உள்ள வந்து பூந்ததா எனக்குத் தெரியல, அண்ணாச்சி. வந்திருந்தா நான் பாத்திருப்பேன். ஆனா நீங்க பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க. நம்ம வேலியால அதுக்குக் கண்ணு போச்சுன்னா நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அதுக்குச் சோறு வைக்க?"

"ஆடெல்லாம்?"

"நாய் நரி வரும். நானே கட்டிலப் போட்டு இங்கன படுத்துக்கிடுதேன்."

நாந்தான்லே என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். நான் அவன் கையைக் காட்டி, "அதக் கழுவு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். தார் ரோடு என் வெறுங்காலைச் சுட்ட சூட்டில் தோசை வார்க்கலாம். தப்பில்லை, சுடட்டும் என்று நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் சங்கரம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சுடலைமணி பொண்டாட்டி வந்தா. கையெல்லாம் எரியுதாம் அவனுக்கு. தேங்காயெண்ணெய் கேட்டா, குடுத்தேன்" என்றாள். "நீங்க அந்தப் பேனப் போட்டுக்கிட்டு உக்காருங்க."

பேன் போட்டு உட்கார்ந்தேன். மேலே சுற்றுகிற பேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் என்னைக் குனிந்து பார்த்தது. பொட்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டரம்மா இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். அடித்துவிட்டு, அணைத்து, மறுபடி அடித்தார்.

"நேத்து நல்லாக் கழுவி அனுப்பினேன். இன்னைக்குக் கருவிழியில வெள்ளை படர்ந்திருக்கு. நாக்குல புதுசா கொப்புளம் வேற" என்றார். "எங்கிருந்தோ அந்தப் பால் திரும்பத் திரும்பக் கண்ணுக்குப் போய்க்கிட்டே இருக்கு. எங்கிருந்துன்னு கண்டுபிடிக்கலைன்னா, என்ன மருந்து விட்டாலும் இந்தக் கண்ணு தங்காதுங்கய்யா."

பொட்டு மேஜை மேல் நடுங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பியது. திறந்திருந்த ஒரு கண்ணால் பார்த்தது. என்னைத் தவிர அங்கே தெரிந்த முகம் அதற்கு வேறு இல்லை.

"மேடம், நேத்துச் சொன்ன கதையில ஒரு சின்னத் திருத்தம்" என்றேன்.

"எவ்வளவு சின்னது?"

"கதை பூராவும்."

எருக்கம்பால் வைத்ததைச் சொன்னேன். இலை இலையாகக் கிள்ளியதை, முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்பதை, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியதை. அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, எண்ணெயில் பஞ்சை நனைத்து, விரல் இடுக்கில் காய்ந்து கிடந்த பிசினை இளக்கி இளக்கி எடுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பொட்டு கத்தவில்லை, என் உள்ளங்கையில் அதன் தாடை அடித்துக்கொண்டது. பிறகு சோப்புத் தண்ணீர். பிறகு முள். அந்த முள் ஏர்க்கால் நீளம் இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஓர் அரிசி அளவுதான் இருந்தது.

காலை நக்க முடியாதபடி கழுத்தைச் சுற்றிப் புனல் போல ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிவிட்டார்.

"கண்ணு?" என்று கேட்டேன்.

"இப்ப சொல்ல முடியாது. சொட்டு மருந்தை விடாம விடுங்க. அவங்க வீட்டுல உண்மையைச் சொல்லிருங்க."

"சொல்லிருதேன்."

சாயங்காலம் சௌந்தரபாண்டியன் வந்து இறங்கினான். வளைகாப்புச் சட்டையைக்கூட மாற்றவில்லை. பொட்டுவைப் பார்த்துவிட்டு நேரே சுடலைமணியைக் கூப்பிட்டுத் தெருவில் நிறுத்தினான். சுடலைமணி எண்ணெய் தடவிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். நாலு வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"ஏலே, வேலியா வளத்துருக்க? வெசத்தையில்லா வளத்துருக்க."

நான் நடுவில் போய் நின்றேன். "சௌந்தரம், அவன ஏசாத. வேலியில ஒண்ணும் படல. நாந்தான் வச்சேன். கால்ல முள்ளு ஏறிட்டு. எருக்கம்பால் விட்டேன். அத நக்கி, அந்தக் காலால கண்ணத் தேச்சு, இப்படி ஆயிட்டு."

சௌந்தரபாண்டியன் என்னைப் பார்த்தான். மெல்ல அவன் முகம் இளகியது.

"எருக்கம்பாலு."

"ஆமா."

"நாய்க்கு."

"ஆமாப்பா. இலை இலையாக் கிள்ளி வச்சேன்."

அவன் சிரித்துவிட்டான். கோபமெல்லாம் வடிந்துபோன சிரிப்பு. "அண்ணாச்சி, உங்க கதைய நான் எத்தன வருசமாக் கேக்கேன். ஆனா ஒருத்தனக் காப்பாத்த நீங்க கதை சொல்லி இன்னைக்குத்தான் பாக்கேன்."

"கதை இல்ல. டாக்டரம்மாட்ட கேளு."

"அங்கயும் போய் இதத்தான சொல்லிருப்பீங்க?"

"நெசமாத்தான் சொல்லுதாவ" என்றாள் சங்கரம்மாள் வாசலிலிருந்து.

"மைனி, நீங்களும் சேந்துக்கிட்டீங்களா?" என்று அவளையும் ஒரு சிரிப்பில் தள்ளிவிட்டான். பக்கத்து வீட்டுப் பத்திரகாளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுசன்னா இவிய மாதிரி இருக்கணும். ஏழைக்காகத் தன் மேலேயே பழியப் போட்டுக்கிடுதாவ" என்றாள். சுடலைமணியே என்னைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையில் கொப்புளம் தெரிந்தது.

எட்டயபுரம் பஸ்ஸில் ஏறிய நாயை நம்பினார்கள். பாஸ் வைத்திருந்தது என்றதை ரசித்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கூட்டாமல் குறைக்காமல் ஒன்றைச் சொல்கிறேன், ஒரு ஆள்கூட நம்பவில்லை. எனக்குச் சிலை வைக்க இடம் பார்க்காததுதான் குறை. டீக்கடையில் எனக்கு முதல் டீ. கடம்பூர் போன ஒருத்தர் எனக்கென்று போளி வாங்கிவந்து கொடுத்தார். அதைச் சங்கரம்மாள் ஒரு தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"தின்னுங்க. சம்பாதிச்சதுல்லா."

தட்டை அவள் பக்கமே நகர்த்திவிட்டு எழுந்தேன். காலையும் மாலையும் எதிர்வீட்டுக்குப் போய் நான்தான் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். சௌந்தரபாண்டியன் தலையைப் பிடித்துக்கொள்வான். புனலுக்குள் இருந்து பொட்டு மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த வெள்ளைப் படலம் நகர்ந்ததா, இல்லை என் ஆசையா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன். எந்தச் சாமியிடமும் இவ்வளவு நேரம் கண்ணைப் பார்த்து நின்றதில்லை நான்.

ஒருநாள் காலையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, படலம் கரைந்துவிட்டது, ஓரத்தில் ஒரு சிறு தழும்பு மட்டும் நிற்கும், பார்வைக்குப் பாதகமில்லை என்று சொல்லி, புனலைக் கழற்றி அனுப்பினார். சௌந்தரபாண்டியன் வாசலிலிருந்தே கூப்பிட்டான். போனேன். சுடலைமணியும் இருந்தான். பொட்டு சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது.

சௌந்தரபாண்டியன் குனிந்து, புண் ஆறிய அந்த வலது காலைத் தூக்கிப் பார்த்தான். கொடுத்தது. சுடலைமணி தொட்டான். வாலை ஆட்டிக்கொண்டு அவனுக்கும் கொடுத்தது.

"நீங்களும் பாருங்க, அண்ணாச்சி. சுத்தமா ஆறிட்டு."

நான் உட்கார்ந்து கையை நீட்டினேன். பொட்டு உறுமவில்லை. எழுந்து ஓடவும் இல்லை. வலது முன்காலை மெதுவாக இழுத்து வயிற்றுக்கு அடியில் வைத்து, அதன்மேல் தன் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இரண்டும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

சௌந்தரபாண்டியன் இன்னொரு தடவை தான் தொட்டுப் பார்த்தான். கால் வெளியே வந்தது. என் கை அசைந்ததும் உள்ளே போனது.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"நெசமாவே வச்சீங்களா?"

"வச்சேன்."

அவன் திரும்பினான். சுடலைமணியின் கையைப் பார்த்தான். அந்தத் தழும்புகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏசிட்டேன்லே உன்ன" என்றான். பிறகு பொட்டுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கதவைச் சாத்தவில்லை, ஆனால் என்னை உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

சுடலைமணி அங்கேயே நின்றான். அவன் என்னைக் கும்பிட்டதை நினைத்துப் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது.

"அப்ப என் வேலி?" என்றான்.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு கொட்டிலுக்குப் போனேன். அவன் வேறொரு காட்டிலிருந்து கள்ளிக் கம்பு வெட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தான். என்னோடு பேசவில்லை. எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினான், நான் குத்தினேன். காய்ந்த கரிசலில் கடப்பாரை இறங்குவதும் இரும்பில் இறங்குவதும் ஒன்றுதான். அவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கம்பை ஊன்றினான். நான் கிட்டே போனபோது, "தள்ளி நில்லுங்க. பால் தெறிக்கும்" என்றான். அதுவரை அவன் பேசியது அது ஒன்றுதான்.

வேலைக்குப் போகிற வழியில் பத்திரகாளி நின்று பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, ரிட்டேயர் ஆன காலத்துல குழி வெட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"பொய் சொன்னேம்லா. அதுக்கு" என்றேன்.

"இவியளுக்கு எப்பவும் வெளையாட்டுத்தான்" என்று சிரித்துக்கொண்டே அவள் போய்விட்டாள்.

சுடலைமணி சிரிக்கவில்லை. ஓர் அடி நகர்ந்து, அடுத்த குழிக்குத் தரையைத் தட்டிக் காட்டினான்.